எந்தப் படியால் அளப்பது?

2020 பிப்ரவரி 19. ஈரானின் கோம் நகருக்குள் கொரோனா வந்துவிட்டதாக அரசு அறிவித்த அன்றே இருவர் இறந்த செய்தியும் வந்தது. நோய் நுழைந்ததும் சாவு விழுந்ததும் மக்களுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. அடுத்த சில வாரங்களில் இன்னொரு விதமான சாவும் தொடங்கியது. சாராயம் குடித்தால் கிருமி செத்துவிடும் என்று ஒரு வதந்தி. மதுவுக்குத் தடை உள்ள நாடு அது. கிடைத்ததெல்லாம் கள்ளத்தனமாக விற்ற சரக்கு. அதில் மெத்தனால் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், பலருக்குக் கண் போயிற்று. கொரோனா சாவுக் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள். பயத்தால் செத்தவர்களுக்கென்று தனிப் பதிவேடு எந்த நாட்டிலும் கிடையாது.

அந்த மார்ச் மாதத்தில் ஒரு சிறிய ஆய்வுக் குழு இந்தப் பயத்தை அளந்துவிடலாம் என்று இறங்கியது. தெஹ்ரானுக்கு வடமேற்கே இருக்கும் கஸ்வின் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமீர் பாக்பூர், ஹாங்காங்கிலிருந்து டேனியல் அஹோர்சு, சுங்-யிங் லின், பிரிட்டனின் நாட்டிங்காமிலிருந்து மார்க் கிரிஃபித்ஸ் முதலியோர் அதில் இருந்தார்கள். மார்ச் 27 அன்று அவர்களுடைய கட்டுரை வெளியாகிவிட்டது. மனவியலில் ஓர் அளவுகோலைச் செய்து முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம். இது சில வாரங்களில் தயாரானது. ஊர் எரியும்போது யாரும் வாளியின் கொள்ளளவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பதில்லை.

இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகளில் தொடங்கினார்கள். நிபுணர்கள் பார்த்துப் பார்த்து அடித்ததில் பத்து மிஞ்சியது. அந்தப் பத்தையும் 717 ஈரானியர்களிடம் கொடுத்தார்கள். மூன்று கேள்விகள் மற்றவற்றோடு ஒட்டவில்லை. பஜனைக் கோஷ்டியில் ஒருவர் மட்டும் வேறு சுருதியில் பாடுவது போலத்தான் இது. மற்ற கேள்விகளில் அதிக மதிப்பெண் போட்டவர்கள் இதில் குறைவாகப் போடுகிறார்கள் என்றால், அந்தக் கேள்வி பயத்தை அல்லாமல் வேறெதையோ விசாரிக்கிறது என்று பொருள். அந்த மூன்றையும் வெளியே அனுப்பினார்கள். கடைசியில் ஏழு நின்றது.

கொரோனாவுக்குப் பயப்படுகிறீர்களா, அதை நினைக்கவே சங்கடமாக இருக்கிறதா, உயிர் போய்விடும் என்று அஞ்சுகிறீர்களா, செய்திகளைப் பார்த்தால் பதற்றம் வருகிறதா என்று நான்கு கேள்விகள் மனசைக் கேட்டன. உள்ளங்கை வியர்க்கிறதா, தூக்கம் கெடுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று மூன்று கேள்விகள் உடம்பைக் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் 'கொஞ்சமும் இல்லை' என்பதிலிருந்து 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' என்பது வரை ஐந்து படிநிலைகள். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. இன்று ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் நீட்டுகிற கருத்துச் சீட்டு வரை வந்துவிட்டது. ஏழையும் கூட்டினால் குறைந்தது 7, கூடியது 35. உங்கள் பயத்துக்கு ஒரு எண் வந்துவிட்டது.

அந்த எண் பறந்தது. ஓராண்டுக்குள் வங்காளம், துருக்கி, இத்தாலியம், அரபு, ஹீப்ரு, ரஷ்யன், ஜப்பானியம் என்று ஏழு கேள்விகளும் மொழி மாறின. வங்காளதேசத்தில் மட்டும் ஒரே ஆய்வில் 8,550 பேர் பதில் சொன்னார்கள். நாடு நாடாகச் சராசரிகள் வந்து விழுந்தன. சராசரிகள் வரிசையாக நின்றால் மனித மனம் சும்மா இருக்காது. யாருக்கு முதலிடம் என்று பார்க்கும். ஒரு நாட்டுக்கு 17, இன்னொன்றுக்கு 21 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது நாடு அதிகம் பயந்தது என்று சொல்லிவிடலாமா?

இதே ஏழையும் தமிழாக்கும்படி ஒருவர் உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் சொல்லிலேயே இடறும். பயம் என்பதா, அச்சம் என்பதா, பீதி என்பதா? அச்சம் என்றால் மேடைத் தமிழாகிவிடும். பீதி என்றால் தொலைக்காட்சிச் செய்தி. பயம் பொருந்தும், ஆனால் மீசை வைத்த நாற்பது வயது ஆண் 'எனக்குப் பயம்' என்ற கட்டத்தில் குறி போட யோசிப்பார். 'கொஞ்சம் யோசனையா இருக்கா' என்று கேட்டிருந்தால் அவரே தாராளமாக ஒப்புக்கொள்வார். உள்ளங்கைக் கேள்வி இன்னும் மோசம். சித்திரை மாதத்தில், மின்வெட்டு நேரத்தில், சென்னையில் உட்கார்ந்திருப்பவரிடம் உள்ளங்கை வியர்க்கிறதா என்று கேட்டால் கொரோனா இல்லாமலே ஐந்து போடுவார். நமக்குப் பயம் கையில் வருவதும் குறைவு. அடிவயிறு கலங்கும், ஈரக்குலை நடுங்கும், கை கால் உதறும். ஏழு கேள்விகளில் ஒன்றுகூட வயிற்றைக் கேட்கவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டினால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம் ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். நோய் அந்தப் பட்டியலில் இல்லை. பிணியைத் தொல்காப்பியர் மூப்போடும் வருத்தத்தோடும் மென்மையோடும் சேர்த்து இளிவரலில் வைத்திருக்கிறார். இளிவரல் என்பது இழிவும் அருவருப்பும் கூச்சமும் கலந்த உணர்வு. புலி முன்னால் ஓடுகிறோம். சீழ் பிடித்த புண் முன்னால் முகத்தைத் திருப்புகிறோம். இரண்டும் விலகல்தான், ஆனால் உள்ளே நடப்பது ஒன்றல்ல.

கனடாவின் மார்க் ஷேலர் போன்ற மனவியலாளர்கள் இந்த நூற்றாண்டில் இதே பிரிவினையை வேறு பாதையில் வந்து பிடித்தார்கள். உடம்புக்குள் கிருமியோடு சண்டை போட ஒரு படை இருப்பது போல, கிருமி உள்ளே வருவதற்கு முன்பே நம்மை விலகச் செய்யும் ஒரு நடத்தைப் படையும் உண்டு, அதன் முக்கிய ஆயுதம் அருவருப்பு என்பது அவர்களுடைய கருத்து. 2009இல் ஷேலரும் டங்கனும் பார்க்கும் வெளியிட்ட 15 கேள்வி அளவுகோல் இரண்டு பாகங்கள் கொண்டது. 'எனக்கு நோய் சட்டென்று தொற்றிக்கொள்ளும்' என்ற நினைப்பு ஒன்று; பிறர் வாய் வைத்த குவளை, தும்மல், அழுக்கு நாணயம் என்று கூசுவது இன்னொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. கொரோனா அளவுகோலில் இந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய செவிலியரை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் இந்த ஏழு கேள்விகளில் ஒன்பதோ பத்தோ வாங்கியிருக்கக்கூடும். அவர் தூங்கினார், நெஞ்சு படபடக்கவில்லை.

நெஞ்சு என்றதும் ஈரானுக்கே திரும்ப வேண்டும். 1970களில் பைரன் குட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் வடமேற்கு ஈரானின் மராகே என்ற ஊரில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே பெண்கள் அடிக்கடி சொன்ன ஒரு புகார் 'நெஞ்சு சரியில்லை' என்பது. இதயம் படபடக்கிறது, பிசைகிறது, இறுகுகிறது. 1977இல் எழுதிய கட்டுரையில் குட் காட்டியது இதுதான்: அந்தப் படபடப்புக்குள் துக்கம், பணமுடை, குடும்பச் சண்டை, கருத்தடை மாத்திரை பற்றிய கவலை, வீட்டுக்குள் அடைபட்ட வாழ்க்கை எல்லாம் முடிச்சாகக் கிடந்தன. ஓர் ஈரானியப் பெண் தன் நெஞ்சைப் பற்றிப் பேசும்போது, மருத்துவர் இதயத்தைப் பார்க்கிறார். அவளோ தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மராகேயில் கண்டதை நாற்பது ஆண்டு தாண்டி மொத்த ஈரானுக்கும் ஏற்றிவிட முடியாது. ஆனாலும் நெஞ்சுப் படபடப்புக்கு இவ்வளவு கனம் இருந்த ஒரு தேசத்தில் பிறந்த கேள்வி, அந்தக் கனம் இல்லாத ஊருக்குப் போனால் அதே எடையோடு போய்ச் சேருமா என்று நான் சந்தேகப்படுவதில் தவறில்லை.

சீனாவின் ஹூனான் மாநிலத்தில் நடந்தது இதைவிடப் பேர்பெற்றது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1980களின் தொடக்கத்தில் நரம்புத் தளர்ச்சி என்று அங்கே முத்திரை குத்தப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். தலைவலி, அசதி, தூக்கமின்மை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அமெரிக்க மருத்துவக் கையேட்டின்படி பார்த்தபோது அவர்களில் 87 பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது. கலாச்சாரப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில் 'மனசு சரியில்லை' என்று சொல்வது அரசியல் குற்றச்சாட்டாகக்கூட எடுத்துக்கொள்ளப்படலாம். தலைவலி என்றால் யாருக்கும் கோபம் வராது. அப்படிப்பட்ட இடத்தில் மனசைக் கேட்கும் நான்கு கேள்விகளுக்குக் குறைவாகவும் உடம்பைக் கேட்கும் மூன்று கேள்விகளுக்குக் கூடுதலாகவும் பதில் வந்தால் வியப்பில்லை. இஸ்ரேலில் ஹீப்ருவில் இதே அளவுகோலைச் சோதித்தவர்கள் 2020இலேயே ஒன்றைக் கவனித்தார்கள்: ஏழு கேள்விகளும் ஒரே கொத்தாக நிற்கவில்லை. உணர்வுப் பயம் தனியாகவும் உடம்பில் தெரியும் பயம் தனியாகவும் இரண்டு கொத்தாகப் பிரிந்தன. ஈரானில் ஒன்றாக இருந்தது அங்கே இரண்டானது.

புள்ளியியல்காரர்களுக்கு இது பழைய தலைவலி. நம் ஊர் நெல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கும் பழையதுதான். ஒரு காலத்தில் படி என்ற அளவு ஊருக்கு ஊர் வேறு. இங்கே பத்துப் படி, அங்கே எட்டுப் படி என்று கேள்விப்பட்டவுடன் இங்கேதான் விளைச்சல் அதிகம் என்று சொல்கிறவரை யாரும் வியாபாரத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலில், இருவரும் அளந்தது ஒரே பொருளையா என்று கேட்க வேண்டும். ஒருவர் நெல்லையும் ஒருவர் அரிசியையும் அளந்திருந்தால் பேச்சே இல்லை. இஸ்ரேலில் இரண்டு கொத்தாகப் பிரிந்தது இந்த வகைச் சிக்கல். பொருள் ஒன்றுதான் என்றால், இரண்டு படியும் ஒரே கொள்ளளவா என்று பார்க்க வேண்டும். அதாவது உள்ளே இருக்கும் பயம் ஒரு பங்கு கூடினால் பதிலும் எல்லா நாட்டிலும் ஒரே அளவு கூடுகிறதா? அதுவும் சரி என்றால் மூன்றாவது கேள்வி, ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். ஒருவர் தலை தட்டி அளக்கிறாரா, இன்னொருவர் கோபுரமாகக் குவித்து அளக்கிறாரா? படி ஒன்றே ஆனாலும் குவித்து அளப்பவரின் கணக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசகும். ஒரு நாட்டு மக்கள் ஒரு கேள்விக்கு, உள்ளே பயம் அதே அளவு இருந்தாலும், வழக்கமாகவே அரைப் புள்ளி கூட்டிச் சொன்னால் சராசரி ஏறிவிடும். பயம் ஏறியிருக்காது. இந்த மூன்றும் தேறினால்தான் இரண்டு நாட்டுச் சராசரிகளைப் பக்கத்தில் வைக்க அனுமதி.

சுங்-யிங் லின்னும் கூட்டாளிகளும் தங்கள் அளவுகோலையே இந்தப் பரிசோதனைக்கு நிறுத்தினார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். வங்காளதேசம், பாகிஸ்தான், ஈரான், தைவான், ஜப்பான், இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், பிரேசில், கியூபா, நியூசிலாந்து என்று 11 நாடுகள், 9,873 பேர். 2021இல் முடிவு வந்தது. ஏழும் ஒரே கொத்தாக நிற்பது பரவலாக உறுதியானது. ஆனால் நாடு தாண்டும்போது அளவு பகுதியளவில்தான் ஒத்துப்போனது. சில கேள்விகள் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி நடந்துகொண்டன. முழுக்கக் கெட்டுப்போகவில்லை, முழுக்கத் தேறவும் இல்லை. அதற்குள் நாடுகளின் சராசரிகளை நேராக ஒப்பிட்டுக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன.

குவித்து அளப்பதற்கு இன்னொரு காரணம், பதில் சொல்லும் பழக்கம். 1995இல் வந்த ஓர் ஆய்வில் ஜப்பானின் செண்டாய், தைவானின் தைபே ஆகிய ஊர்களின் மாணவர்கள் நடுக் கட்டத்தை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள்; அமெரிக்க மாணவர்கள் ஓரக் கட்டங்களை நாடினார்கள். நடுவில் நிற்பது ஓரிடத்தில் அடக்கம், இன்னோரிடத்தில் மழுப்பல். அந்த ஆய்வில் இந்த வேறுபாடு சிறியதுதான், மொத்த முடிவுகளைக் கவிழ்த்துவிடவில்லை. இதையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்பவர்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

சரி, வாயால் கேட்பதை விட்டுவிட்டு மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் என்ன? நல்ல யோசனைதான். ஜப்பானியர் எல்லோரும் முகக்கவசம் போட்டார்கள். எனவே ஜப்பானியர் அதிகம் பயந்தார்கள். இப்படித்தான் வெளியிலிருந்து பார்த்தவர்கள் எண்ணினார்கள். 2020 மார்ச் இறுதியில் கசுயா நாகயாச்சியும் அவர் குழுவினரும் 1,000 ஜப்பானியர்களிடம் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். நோய்க்கு அஞ்சுவதோ, பிறருக்குப் பரப்பிவிடக் கூடாது என்ற எண்ணமோ பெரிய காரணமாக இல்லை. மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரே காரணம்: மற்றவர்கள் போடுகிறார்கள். அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தது கிருமியின் முகம் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் முகம்.

கால்களும் பொய் சொல்லும். 1994 செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்று செய்தி பரவியபோது வைரப் பட்டறைக்காரர்களும் விசைத்தறித் தொழிலாளர்களுமாக லட்சக்கணக்கானோர் ரயில் ரயிலாக ஊரைவிட்டு ஓடினார்கள். தனியார் மருத்துவர்கள் பலரும் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போனார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்தது. கடைசியில் நாடு முழுவதும் அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர். அந்த ஓட்டம் பயத்தின் அளவு என்றால், 2020 மார்ச் கடைசியில் தில்லியிலிருந்து பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடந்த கூட்டத்தை என்ன சொல்வது? அவர்களைக் கிளப்பியது பிளேக் போன்ற பயமல்ல. வேலை நின்றது, வாடகை நின்றது, அடுப்பு எரியவில்லை. கைப்பேசிகளின் நகர்வைக் கொண்டு கூகுள் வெளியிட்ட அறிக்கைகளில் ஓட்டமும் நடையும் ஒரே கோடுதான். வீட்டுக்குள் இருந்த கணினிப் பொறியாளரும் காய்கறி வண்டி தள்ளியவரும் ஒரே அளவு நடுங்கியிருக்கலாம். பொறியாளரால் நடுங்கிக்கொண்டே வீட்டில் இருக்க முடிந்தது.

ஆகவே திரும்பக் கேள்விக்கே வர வேண்டியிருக்கிறது, கொஞ்சம் தந்திரத்தோடு. கேரி கிங்கும் அவருடைய குழுவும் அரசியல் ஆய்வில் செய்த வேலை இங்கே உதவும். உங்கள் பிரச்சினைகளை அரசு கவனிக்கும்படி செய்ய உங்களுக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். எழுபது ஆண்டு ஆண்ட கட்சியை 2000இல் வாக்குச் சீட்டால் இறக்கிய மெக்சிகர்கள், சீனர்களைவிடத் தங்களுக்குக் குரல் குறைவு என்றார்கள். அபத்தமாக இருந்தது. பிறகு இருவருக்கும் அதே சிறு கதைகளைக் கொடுத்தார்கள்: ஊரில் நல்ல தண்ணீர் இல்லை, ஒருவர் போராடுகிறார், ஒருவர் வாயை மூடிக்கொண்டு சகித்துக்கொள்கிறார், இவர்களுக்கு எவ்வளவு குரல்? சகித்துக்கொண்டு சும்மா இருப்பவருக்குக்கூடத் தங்களைவிட அதிகக் குரல் என்று சீனர்களில் பலர் சொன்னார்கள். 'கொஞ்சம்' என்ற சொல் இரண்டு நாட்டில் இரண்டு உயரத்தில் இருந்திருக்கிறது. கதையை வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது.

பயத்துக்கும் இதைச் செய்யலாம். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் இருமியதும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரம் நடந்தே போன ஒருவர். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் ஒருவர். இவர்களுக்கு எவ்வளவு பயம் என்று முதலில் கேட்டு, பிறகு உங்களுக்கு எவ்வளவு என்று கேட்பது. கேள்வித்தாள் நீளும், செலவு கூடும். கொள்ளைநோய் நடுவில் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது என்பதும் உண்மை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒரே நாட்டுக்குள், ஒரே மொழியில், அந்த ஏழு கேள்விகள் உருப்படியாகவே வேலை செய்தன. பிரிட்டனில் 2020இல் கிரேக் ஹார்ப்பரும் மற்றவர்களும் செய்த ஆய்வில், ஒருவர் கை கழுவுவதையும் இடைவெளி விடுவதையும் அவருடைய அரசியல் சாய்வு முடிவு செய்யவில்லை. இந்த அளவுகோலில் அவர் வாங்கிய மதிப்பெண்தான் சொன்னது. பயம் வேலைக்கு உதவும் இடம் அது. எங்கே அது தூக்கத்தைத் தின்னத் தொடங்குகிறது என்று ஓர் ஊர்ச் செவிலியர் கண்டுபிடிக்க, ஏழு கேள்வி கொண்ட ஒற்றைத் தாள் போதுமானது. அதை உலக வரைபடத்தில் வண்ணம் தீட்டப் பயன்படுத்தும்போதுதான் வம்பு.

2022இல் இன்னொரு தொற்று உலகம் சுற்றியபோது ஆய்வாளர்கள் அந்தத் தாளையே எடுத்தார்கள். ஏழு கேள்விகளும் அப்படியே இருந்தன. நோயின் பெயரை மட்டும் மாற்றினார்கள். தமிழில் அந்த இடத்தில் குரங்கம்மை என்று எழுத வேண்டும். வாசலில் வேப்பிலை செருகி, 'தாய் இறங்கியிருக்கிறாள்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன வீடுகளின் சொல் அதில் இருக்கும் 'அம்மை'. பிளேக்குக்கு ஒரு மாரியம்மனைக் கட்டி வைத்த கோயம்புத்தூரில், இருகூர்ப் பக்கம் ஓர் ஆதீனத்தில் 2021 மே மாதம் கொரோனா தேவிக்கும் சிலை வந்தது. அங்கே கை கூப்பி நிற்கும் ஒரு பாட்டியிடம் தாளை நீட்டி, அம்மையை நினைத்தால் உங்களுக்குப் பயமா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டால், அவர் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார்.